மூன்று வருஷமா, நான்கு வருஷமா: நர்சிங்கில் எந்த வழியாகப் போவது?

ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று சாயங்காலம் என் போன் ஓயாது. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் என்று ஆளுக்கு ஒரு மார்க்கோடு வருவார்கள். இந்த வருஷம் முதலில் கூப்பிட்டது என் அக்கா மகள். "சித்தி, 438 வந்திருக்கு. பி.எஸ்சி. நர்சிங் போடவா, டிப்ளமோ போடவா? அப்பா கடன் வாங்கியாவது பி.எஸ்சி.தான்கிறார். அம்மா கவர்மென்ட்ல டிப்ளமோ கிடைச்சா கண்ணை மூடிட்டுச் சேருங்கிறா. நீங்க சொல்லுங்க, அதைச் செய்யறேன்."

போனில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. நான் அரசு நர்சிங் பள்ளியில் டிப்ளமோ படித்தவள். வார்டில் வேலை பார்த்துவிட்டு, பிறகு டிப்ளமோக்காரர்கள் பட்டதாரி ஆவதற்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்து, இப்போது மாணவிகளை வார்டுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன் என்பதால் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், அதே கேள்வியோடு இருக்கிற மற்ற வீடுகளுக்கும் உதவும்.

முதலில் பதிவு எண். வெள்ளை யூனிபார்மை யார் வேண்டுமானாலும் தைத்துப் போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பெயர் ஏறினால்தான் சட்டப்படி ஒருவர் நர்ஸ். 1926-ல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத்திலிருந்து இருக்கிற அமைப்பு அது. அங்கே கிடைப்பதைத்தான் ஆர்.என்., ஆர்.எம். என்கிறோம்: பதிவுபெற்ற செவிலியர், பதிவுபெற்ற தாதி. மூன்று வருஷம் படிக்கிற டி.ஜி.என்.எம். டிப்ளமோ முடித்தவருக்கும், நான்கு வருஷம் படிக்கிற பி.எஸ்சி. முடித்தவருக்கும் கிடைப்பது இதே பதிவுதான். டிப்ளமோ என்றால் பாதி நர்ஸ், பட்டம் என்றால் முழு நர்ஸ் என்று ஒரு பிரிவு அங்கே கிடையாது. நிறையப் பேருக்கு இது தெரியாது. அக்கா வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் முடிகிற ஏ.என்.எம். வேறு. கிராம சுகாதாரச் செவிலியர்களாகத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடக்கிறார்களே, அவர்கள் அந்தப் படிப்பிலிருந்து வந்தவர்கள். இந்த மாநிலத்தில் பிரசவத்தில் தாய் சாவது குறைந்ததற்கு அவர்கள் நடந்த நடைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவர்களுக்குத் துணைச் செவிலியர் என்று தனிப் பதிவு. ஏ.என்.எம். முடித்தால் ஆர்.என். ஆக முடியாது, அதற்குப் பிறகு டிப்ளமோ சேர வேண்டும். சேரும்போதே இது தெரிந்து சேர்ந்தால் நல்ல படிப்பு. தெரியாமல் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து என்னிடம் வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் "ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம், உடனடி வேலைவாய்ப்பு" என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். நர்சிங் அசிஸ்டென்ட், ஹெல்த் அசிஸ்டென்ட், டிப்ளமோ இன் நர்சிங் கேர் என்று பெயர் விதவிதமாக இருக்கும். வேலை கிடைக்கும், உண்மைதான். சின்ன ஆஸ்பத்திரிகள் அவர்களுக்கு யூனிபார்ம் மாட்டி, ஊசி போடச் சொல்லி, ஏழாயிரம் எட்டாயிரம் கொடுத்து வைத்துக்கொள்ளும். கவுன்சிலில் பதிவு மட்டும் ஒருநாளும் கிடைக்காது. பத்து வருஷம் வேலை பார்த்தாலும் அந்த அனுபவத்தை எங்கேயும் காட்ட முடியாது. ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி விழுவதும் அந்தப் பிள்ளை மேல்தான். இந்த வழியை மட்டும் யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், எவ்வளவு அவசரமான வீடாக இருந்தாலும்.

ஆக, ஆர்.என். ஆவதற்கு இங்கே உள்ள வழிகள் இரண்டுதான்: மூன்று வருஷ டிப்ளமோ, நான்கு வருஷ பி.எஸ்சி. டிப்ளமோ முடித்தவர் பிறகு இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் படித்துப் பட்டதாரி ஆகலாம் என்பதால், மூன்றும் இரண்டும் ஐந்து என்கிற நீளமான பாதையை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்.

பி.எஸ்சி.க்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும், ஆங்கிலத்தில் தேறியிருக்க வேண்டும். டிப்ளமோவுக்கு எந்தப் பிரிவில் படித்தவர்களும் தகுதியானவர்கள் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில் விதி, அறிவியல் படித்திருந்தால் நல்லது என்கிறது. ஆர்ட்ஸ் குரூப் எடுத்த பெண், அரசுப் பள்ளியில் தொழிற்பிரிவில் நர்சிங் படித்த பெண், இவர்களுக்கெல்லாம் டிப்ளமோதான் வாசல். தமிழ்நாட்டில் இரண்டு படிப்புக்கும் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் அரசு கவுன்சலிங் நடக்கிறது. புதுச்சேரி ஜிப்மர், ராணுவ நர்சிங் கல்லூரிகள் என்று போனால் நீட் மார்க் கேட்பார்கள்.

இப்போது அரசு வேலை. நம் ஊரில் நர்சிங் சேர்க்கிற வீடுகளில் பாதிக்கு மேல் மனதில் இருப்பது அதுதான். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி. என்று சொல்வோம், 2012-ல் அமைக்கப்பட்டது. 2015-ல் 7,243 நர்ஸ் இடங்களுக்கு எழுத்துத் தேர்வு வைத்தது. டிப்ளமோக்காரர்களும் பி.எஸ்சி.க்காரர்களும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒரே தாளை எழுதினார்கள். தேர்வானவர்களுக்கு ஒரே பதவி, ஒரே சம்பளம். பி.எஸ்சி. படித்ததற்காக ஒரு ரூபாய் கூடக் கிடைக்கவில்லை. அப்போது தொகுப்பூதியம், அதாவது படிகள் எதுவும் சேராத மொத்தச் சம்பளம், மாதம் 7,700 ரூபாய். பல போராட்டங்களுக்குப் பிறகு அது 18,000 வரை உயர்ந்தது. நிரந்தர ஊழியருக்கான காலமுறைச் சம்பளத்துக்குப் போவதற்கு எத்தனை வருஷம் காத்திருந்தார்கள் என்று அந்த பேட்ச் நர்ஸ்களைக் கேளுங்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடியவர்கள் அவர்கள்தான். அரசு வேலை என்பது நிச்சயமாக நல்ல வேலை. ஆனால் பரீட்சை எழுதிய மறுமாதம் முழுச் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்கக் கூடாது.

துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று வந்திருக்கிற ஒப்பந்த வேலைக்கும் இரண்டு படிப்புமே தகுதி. ஆக, தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேண்டும், அது போதும் என்கிற பெண்ணுக்கு பி.எஸ்சி.யின் நான்காவது வருஷம் பெரிதாக எதையும் கூட்டித் தரவில்லை. பின்னாளில் நர்சிங் பள்ளியில் டியூட்டராக வேண்டும் என்றால்தான் பட்டம் வேண்டும்.

பட்டத்துக்கு மதிப்பு கூடுகிற இடங்கள் வேறு. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளில் நர்சிங் ஆபீசர் பதவிக்கு நார்செட் என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஏழாவது ஊதிய நிலை, அடிப்படைச் சம்பளம் மட்டும் 44,900 ரூபாய். பி.எஸ்சி. முடித்துப் பதிவு வாங்கிய கையோடு எழுதலாம். டிப்ளமோ படித்தவர்கள், 50 படுக்கையாவது உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்த பிறகே எழுதலாம். வாசல் அடைக்கப்படவில்லை, இரண்டு வருஷம் தள்ளிப்போகிறது. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே, நைட் டூட்டிக்கு நடுவே படித்து அந்தத் தேர்வில் வெல்வது கல்லூரி விட்டு வந்த சூட்டோடு எழுதுவது மாதிரி இருக்காது. மேலே எம்.எஸ்சி. நர்சிங் படிக்கவும், கல்லூரியில் பாடம் எடுக்கவும் பட்டம் இல்லாமல் முடியாது.

வெளிநாட்டு விஷயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "டிப்ளமோ படிச்சா ஃபாரின் போக முடியாது" என்பது ஏஜென்ட்டுகள் பரப்புகிற பாதி உண்மை. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் டிப்ளமோ முடித்துப் பதிவு பெற்றவர்களையும் ஏற்றுக்கொள்கிறது. கணினித் தேர்வு ஒன்று, அங்கே போய்ச் செய்துகாட்டுகிற ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு ஒன்று. ஐ.ஈ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 வேண்டும். பல பேர் தடுக்கி விழுகிற இடம் அந்த ஆங்கிலத் தேர்வுதான், டிப்ளமோவா பட்டமா என்பது இல்லை. ஜெர்மனிக்கும் இரண்டு படிப்பும் போகும், ஜெர்மன் மொழியை பி2 அளவுக்குக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியா பட்டத்தை எதிர்பார்க்கிறது. வளைகுடாவில் அரசு ஆஸ்பத்திரி வேலைகளுக்கு வருகிற விளம்பரங்களில் பி.எஸ்சி. என்றே பெரும்பாலும் போட்டிருக்கும். நம் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சவூதிக்கு ஆள் எடுக்கும்போது கொடுக்கிற அறிவிப்புகளைப் படித்தாலே இது புரியும். அமெரிக்காவுக்கு என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வு எழுதி ஜெயித்தவர்கள்கூட, இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையில் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள். பதினேழு வயதுப் பெண்ணின் படிப்பை அந்த வரிசையை நம்பித் தீர்மானிக்க முடியாது.

ஜெர்மனியைச் சொன்னதால் ஒன்று. பிளஸ் டூ முடித்ததுமே அங்கே போய், உதவித்தொகை வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் நர்சிங் பழகுகிற ஆவுஸ்பில்டுங் முறை பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அது நிஜமான வழி. படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் அவர்களே தருவார்கள். மொழியை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டு போக வேண்டும். கட்டணமே இல்லாத படிப்புக்கு இடம் வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் அந்தப் பணம் எதற்கு என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேளுங்கள். அங்கே படித்தவர் ஊருக்குத் திரும்பி வந்து வேலை பார்க்க நினைத்தால் இங்கே பதிவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் காகிதத்தில் இருக்கிற வித்தியாசம். நான் உண்மையில் பேச நினைப்பது வேறு. ஒரு பெண் எந்தப் படிப்புப் படித்தாள் என்பதைவிட எந்த ஆஸ்பத்திரியில் கை பழகினாள் என்பது அவளை அதிகமாக உருவாக்குகிறது.

நான் படித்த அரசு நர்சிங் பள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தது. காலை ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். நாற்பது படுக்கை வார்டில் அறுபது பேர் கிடப்பார்கள், தரையில் பாய் போட்டு இருபது பேர். வார்டு சிஸ்டர் ஒருவர், ஸ்டாஃப் இரண்டு பேர், மீதி நாங்கள். முதல் வருஷம் முடிவதற்குள் டெம்பரேச்சர், பல்ஸ், பி.பி. என்று ஒரு மணி நேரத்தில் முப்பது பேருக்குப் பார்த்து சார்ட்டில் ஏற்றுகிற பழக்கம் வந்துவிட்டது. நரம்பே தெரியாத கிழவியின் கையில் வென்ஃபிளான் என்கிற, மருந்து ஏற்றும் ஊசிக்குழாயைப் போடுவதற்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு இன்சார்ஜ் சிஸ்டர். "கண்ணால தேடாதே, விரலால தேடு" என்பார். லேபர் வார்டு போஸ்டிங்கில் ராத்திரி இரண்டு மணிக்கு முதன்முதலாக ஒரு குழந்தையைக் கையில் வாங்கியபோது என் முழங்கை வரை நடுங்கியது. கேஸ் புக்கில் எழுத வேண்டிய பிரசவங்களை நான் யாரிடமும் கடன் வாங்கி எழுதியதில்லை. அத்தனையும் என் கண் முன்னால், என் கையால் நடந்தவை.

இப்போது நான் மேற்பார்வைக்குப் போகிற வார்டுகளில், ஆஸ்பத்திரி இல்லாத கல்லூரிகளிலிருந்து பி.எஸ்சி. மாணவிகள் பஸ்ஸில் வந்து இறங்குவதைப் பார்க்கிறேன். ஒரு நோயாளியைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்பார்கள். ஒருத்தி டிரெஸ்ஸிங் செய்வாள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், பன்னிரண்டு மணிக்கு பஸ் கிளம்பிவிடும். கேர் பிளான் அழகாக எழுதுவார்கள், நர்சிங் தியரி சொன்னால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான்காம் வருஷப் பிள்ளை ஒருத்தி ஒரு பிரசவத்தைக்கூடத் தனியாகப் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் அவள் மேல் வரவில்லை. அவளுடைய அப்பா நான்கு வருஷமாகக் கட்டிய பணத்தை நினைத்து வந்தது.

இதற்காக பி.எஸ்சி. மட்டம் என்று சொல்ல வரவில்லை. நல்ல பி.எஸ்சி. கல்லூரி என்றால் அதற்கு ஈடு கிடையாது. வேலூர் சி.எம்.சி.யில் 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கினார்கள், 1946-ல் நாட்டிலேயே முதல் முதலாக நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே டிப்ளமோவும் இருக்கிறது, பட்டமும் இருக்கிறது, இரண்டு பிள்ளைகளும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் கை பழகுகிறார்கள். அங்கிருந்து வருகிற பி.எஸ்சி. பெண் ஒரு நோயாளியின் பொட்டாசியம் குறைந்திருப்பதைப் பார்த்தால், இதயத்துடிப்பில் என்ன ஆகும் என்று யோசித்து டாக்டரைக் கூப்பிடுவாள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த நர்ஸ் அவள். அந்த நான்காவது வருஷமும், ஆராய்ச்சி, புள்ளியியல், நிர்வாகம் என்று கூடுதலாகப் படிக்கிற பாடங்களும் அங்கே பொருளோடு இருக்கின்றன. சென்னை, மதுரை, செங்கல்பட்டு, சேலம் அரசு மருத்துவக் கல்லூரிகளோடு இருக்கிற நர்சிங் கல்லூரிகளில் இடம் கிடைத்தாலும் அப்படித்தான். கட்டணம் குறைவு, ஆஸ்பத்திரி பெரிது. யோசிக்காமல் சேரலாம். இடங்கள் மிகக் குறைவு என்பதுதான் சிக்கல். மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 புதிய நர்சிங் கல்லூரிகள் என்று 2023 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தபோது தமிழ்நாட்டுக்கு 11 ஒதுக்கினார்கள். அவை முழுதாக நடக்க ஆரம்பித்தால் என் அக்கா மகள் மாதிரிப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பமே பாதி குறைந்துவிடும்.

அப்பாக்கள் கவனிக்க வேண்டிய பணக் கணக்குக்கு வருகிறேன். தனியார் பி.எஸ்சி.க்குக் கட்டணம், ஹாஸ்டல், யூனிபார்ம், பஸ், போஸ்டிங் பீஸ் என்று எல்லாம் சேர்த்து நான்கு வருஷத்தில் ஐந்து லட்சம் கடன் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டியில் ஏழு வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 8,300 ரூபாய் கட்ட வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் தனியார் ஆஸ்பத்திரிகள் புதிதாக வருகிற நர்ஸுக்குக் கொடுப்பதாக என் மாணவிகள் சொல்வது 12,000 முதல் 18,000 வரை. அதில் டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் வித்தியாசம் ஆயிரம் இரண்டாயிரம் இருந்தால் அதிகம். மீதியில் ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் போனால் அந்தப் பெண் வீட்டுக்கு எதை அனுப்புவாள்?

இந்தச் சம்பளம் இப்படி இருக்கவே கூடாது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு தெளிவாகப் பரிந்துரை செய்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரி, மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும். 50 படுக்கைக்குக் கீழே உள்ள சின்ன ஆஸ்பத்திரிகூட 20,000-க்குக் குறையாமல் தர வேண்டும். வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த 20,000 இன்றைக்கும் எத்தனையோ பெண்களுக்கு எட்டாத தொகையாக இருக்கிறது. இதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு மனம் ஆறாது.

அரசு நர்சிங் பள்ளியில் டிப்ளமோ படிக்கிற பெண்ணின் நிலைமை வேறு. கட்டணம் மிகக் குறைவு, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால் 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், அது டிப்ளமோவுக்கும் பொருந்தும், பட்டத்துக்கும் பொருந்தும். இருபது, இருபத்தோரு வயதில் கடன் இல்லாமல், பதிவோடு, பழகிய கையோடு வெளியே வருகிறாள். பி.எஸ்சி. பெண் இன்னும் ஒரு வருஷம் படித்துக்கொண்டிருக்கும்போது இவள் சம்பாதிக்க ஆரம்பித்துவிடுகிறாள்.

"ஆனால் டிப்ளமோவோட நின்னுட்டா?" என்று அக்கா மகள் கேட்டாள். சரியான கேள்வி. இங்கேதான் ஐந்து வருஷப் பாதை வருகிறது, அதை நான் நடந்து பார்த்திருக்கிறேன். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம். வார்டை முன்பே பார்த்துவிட்டுப் போனதால் பாடம் எனக்கு வேறு மாதிரி புரிந்தது. டிப்ளமோவில் மனப்பாடம் செய்த உடலியங்கியல், ஐ.சி.யூ.வில் இரண்டு வருஷம் நின்ற பிறகு படித்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நோயாளியின் முகம் வந்தது. படிப்பாக மட்டும் பார்த்தால் அதுதான் என் வாழ்க்கையின் சிறந்த இரண்டு வருஷங்கள்.

ஆனால் போகிறேன் என்று நினைத்தவர்களில் பாதிப் பேர் போகவில்லை. சம்பளம் வர ஆரம்பித்ததும் வீட்டில் அதற்கு ஒரு செலவு வந்துவிடும். தம்பி படிப்பு, தங்கை கல்யாணம், பிறகு தன் கல்யாணம், குழந்தை. இரண்டு வருஷம் சம்பளம் இல்லாமல் திரும்ப ஹாஸ்டலுக்குப் போக எல்லா வீடும் விடாது. எனக்கும் ஒரு வருஷம் தள்ளிப்போனது. நான் வேலை பார்த்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி, இத்தனை நாள் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்த பாண்ட் முடியவில்லை என்று என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைக் கொடுக்க மறுத்துவிட்டது. அட்மிஷன் தேதி போன பிறகுதான் கைக்கு வந்தன. அன்றைக்கு எனக்குச் சட்டம் தெரியாது, எதிர்த்துக் கேட்கவும் பயம். கல்லூரியோ ஆஸ்பத்திரியோ, ஒருவரின் சான்றிதழை அடகுப் பொருள் மாதிரிப் பிடித்து வைக்கக் கூடாது. கல்லூரிகள் விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது. வேலைக்குச் சேரும்போது ஒரிஜினலைக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நகல் மட்டும் கொடுங்கள்.

வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ பல்கலைக்கழகம் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற போஸ்ட் பேசிக் வைத்திருக்கிறது. குறைந்தது மூன்று வருஷம் ஆகும். வெளிநாடு போக நினைக்கிறவர்கள் மட்டும், தொலைதூரப் படிப்பை அந்த நாடு ஏற்குமா என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும்.

டிப்ளமோவையே நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சும் ரொம்ப நாளாக இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலே ஒரு கட்டத்தில் அப்படி முடிவெடுத்துவிட்டுப் பின்வாங்கியது. என்றைக்காவது நிறுத்தினாலும் ஏற்கெனவே பதிவு வாங்கியவரின் எண் செல்லாமல் போய்விடாது. அந்தப் பயத்தில் யாரும் கடன் வாங்க வேண்டாம்.

ராணுவ நர்சிங் பற்றிப் பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். புனே, மும்பை, டெல்லி, கொல்கத்தா, லக்னோ, பெங்களூரில் உள்ள ராணுவ மருத்துவமனைகளோடு சேர்ந்த கல்லூரிகளில் திருமணமாகாத பெண்களுக்கு நான்கு வருஷ பி.எஸ்சி. மொத்தம் 220 இடங்கள். படிப்புச் செலவு அரசுடையது. முடித்ததும் லெப்டினன்ட் பதவியில் அதிகாரியாகச் சேர வேண்டும், பாண்ட் உண்டு. நீட் எழுதி, டாக்டர் சீட் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பெண்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்றே தெரியாமல் இருக்கிறார்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு என் பதில் மாறும். அரசு டிப்ளமோ பள்ளிகளில் இடங்கள் பெரும்பாலும் பெண்களுக்குத்தான். நார்செட்டில் எய்ம்ஸ் இடங்களை நூற்றுக்கு 80 பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு என்று பிரித்து வந்தார்கள். போட்டி இவ்வளவு குறுகலாக இருக்கும்போது, தகுதி இருந்தால் நேரடியாக பி.எஸ்சி. போவது ஆண்களுக்கு நல்லது. ஐ.சி.யூ., டயாலிசிஸ், எமர்ஜென்சி வார்டுகளில் அவர்களுக்கு நல்ல வரவேற்பும் இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு சொல். இரண்டு படிப்புமே ஆங்கிலத்தில்தான். முதல் வருஷம் அனாடமி புத்தகத்தைத் திறந்தால் கண்ணைக் கட்டும், ஆறு மாதத்தில் பழகிவிடும். நான் பழகினேன்.

பெங்களூர், மைசூர் பக்கம் ஏஜென்ட் மூலம் சேர்க்கிறவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கல்லூரி அந்த மாநில கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா, இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் அந்த வருஷத்துக்குப் பெயர் இருக்கிறதா, இரண்டையும் பார்க்க வேண்டும். கர்நாடக உயர் நீதிமன்றம் 2017-ல், கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம் இந்திய நர்சிங் கவுன்சிலுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, அங்குள்ள நிறையக் கல்லூரிகளின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாமல் போனது. அங்கே படித்துவிட்டு வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ பதிவு கேட்டுப் போனவர்கள் அலைந்தார்கள். ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார்.

இனி என் வரிசை. அரசு பி.எஸ்சி., சி.எம்.சி. மாதிரியான இடம், ராணுவக் கல்லூரி, இவற்றில் எது கிடைத்தாலும் முதலில் அது. அடுத்து அரசு டிப்ளமோ. மூன்றாவது, சொந்த ஆஸ்பத்திரி நன்றாக ஓடுகிற தனியார் கல்லூரியில் அரசு கவுன்சலிங் மூலமாக பி.எஸ்சி. அதற்கும் கீழே சொந்த ஆஸ்பத்திரியோடு உள்ள தனியார் டிப்ளமோ. ஆஸ்பத்திரி இல்லாத கல்லூரியில் கடன் வாங்கி பி.எஸ்சி. என்பதை நான் வரிசையிலேயே வைக்கவில்லை. அரசு டிப்ளமோவைத் தனியார் பி.எஸ்சி.க்கு மேலே வைத்ததற்கு என்னோடு வேலை பார்க்கிறவர்களே சண்டைக்கு வருவார்கள். குடும்பத்தில் பணத் தட்டுப்பாடு இல்லை, பெண் ஆஸ்திரேலியாவோ பேராசிரியர் வேலையோ தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள் என்றால் அந்த இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம், ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா மகளை இரண்டுக்கும் விண்ணப்பம் போடச் சொன்னேன். கூடவே, அத்தான் மனதில் வைத்திருந்த தனியார் கல்லூரியைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம், கல்லூரியின் சொந்த ஆஸ்பத்திரி எங்கே என்று கேளுங்கள், 100 படுக்கை இருக்க வேண்டும் என்பது விதி, இருக்கிறதா என்று வார்டுக்குள் நடந்து பாருங்கள், போன மாதம் எத்தனை பிரசவம் நடந்தது என்று லேபர் வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள், மூன்றாம் வருஷப் பிள்ளைகள் யாராவது நின்றால் தனியாகப் பேசுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

மூன்று பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்தார்கள். ராத்திரி அத்தானே கூப்பிட்டார். ஓ.பி. வாசலில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து எண்ணினாராம், சீட்டு வாங்கியவர்கள் பதினொரு பேர். லேபர் வார்டு பூட்டியிருந்தது. "பாப்பா டிப்ளமோ கவுன்சலிங்குக்கு என்னென்ன சர்ட்டிபிகேட் எடுத்து வைக்கணும்னு சொல்லும்மா" என்றார்.